பீதருக்குப் போகலாமா? பெங்களூர் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேஸர் டவுன் பக்கம் தமிழ்க் குடும்பங்களில் நீண்ட வார விடுமுறை வந்தால் மைசூர், கூர்க், ஹம்பி என்று மூன்றே பெயர்தான் அடிபடும். "பீதர் போயிருக்கீங்களா?" என்று கேட்டால் முதலில் ஒரு மௌனம் வரும், பிறகு கேள்விகள் வரும். அந்தக் கேள்விகள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பீதர்னா எங்க இருக்கு? அது மகாராஷ்டிராவா, தெலங்கானாவா?

கர்நாடகாதான். மாநிலத்தின் வடகோடி மாவட்டம். ஒரு பக்கம் மகாராஷ்டிரா, இன்னொரு பக்கம் தெலங்கானா. பெங்களூரிலிருந்து சுமார் 700 கி.மீ.; ஹைதராபாத்திலிருந்து 150 கி.மீ.க்குள் அடங்கிவிடும். நிஜாம் ஆட்சியில் இருந்த ஊர். 1948-இல் இந்தியாவோடு இணைந்து, 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூர் மாநிலத்துக்கு வந்தது. அதனால்தான் ஊரின் பேச்சும் சாப்பாடும் பெங்களூரைவிட ஹைதராபாத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

ஹம்பி, பாதாமி எல்லாம் பார்த்தாச்சு. இதுல புதுசா என்ன இருக்கு?

ஹம்பியில் பழைய நகரம் பாழாகிக் கிடக்கிறது. நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறோம். பீதரில் 15-ஆம் நூற்றாண்டில் போட்ட தெருவில் இன்றைக்கும் பால்காரர் போகிறார். மதில் சூழ்ந்த பழைய ஊர், அதன் வாசல்கள், நடுவில் காவல் கோபுரம், வடக்கே கோட்டை எல்லாம் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. மக்களும் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்கள்.

இன்னொன்று, இங்கே உள்ள கட்டடக்கலை நம் கண்ணுக்குப் பழக்கமில்லாதது. அப்போது தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான்கள் ஈரானிலிருந்து அறிஞர்களையும் கைவினைஞர்களையும் அழைத்துவந்தார்கள். நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாக மெருகிட்ட ஓடுகளைச் சுவரில் பதித்த கட்டடத்தை இந்தப் பக்கம் வேறு எங்கே பார்ப்பீர்கள்?

எப்படிப் போறது? கார்ல ஒரே மூச்சுல போயிடலாமா?

போகலாம், ஆனால் போகாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் போனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் முழுக்க உடம்பு வலிக்கும். யஷ்வந்த்பூரிலிருந்து கிளம்பும் இரவு ரயில்தான் நல்ல வழி. படுத்துத் தூங்கி எழுந்தால் காலையில் பீதர். மெஜஸ்டிக்கிலிருந்து அரசுப் பேருந்தும் தனியார் ஸ்லீப்பர் பேருந்துகளும் உண்டு.

ரயிலில் நேரடி டிக்கெட் கிடைக்காவிட்டால் கலபுரகி (பழைய குல்பர்கா) வரை போய் அங்கிருந்து மாறலாம். கலபுரகி–பீதர் ரயில் பாதை 2017-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். விமானச் சேவை 2020-இல் தொடங்கியது. நடுநடுவே நிற்கிறது, மறுபடி வருகிறது. டிக்கெட் இருந்தால் போங்கள், அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஹைதராபாத் வரை விமானத்தில் போய், ஜஹீராபாத் வழியாக மூன்று மணி நேரம் காரிலோ பேருந்திலோ போவது எப்போதும் கைகொடுக்கும்.

எத்தனை நாள் வேணும்? சனி ஞாயிறுல முடிச்சுட்டு திங்கக்கிழமை ஆபீஸ் வரணும்.

வெள்ளி இரவு ரயில், ஞாயிறு இரவு ரயில் என்று வைத்தால் இரண்டு முழுப் பகல் கிடைக்கும். அது போதும். முதல் நாள் காலை சுல்தான்களின் சமாதிகள் உள்ள அஷ்டூர், பிற்பகல் பழைய ஊர். இரண்டாம் நாள் காலை கோட்டை, திரும்பும் வழியில் மதரஸா, பிற்பகல் நானக் ஜீரா குருத்வாராவும், கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதிக்கும் பித்ரி வேலைக் கடைகளும். பக்கத்து ஊரான பசவகல்யாணும் வேண்டும் என்றால் இன்னொரு நாள் கூட்டுங்கள்.

எந்த மாசம் நல்லது?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. பீடபூமியின் மேல் இருப்பதால் குளிர்காலக் காலைகளில் நன்றாகவே சில்லிடும், ஸ்வெட்டர் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி வெயிலில் கோட்டை மதில் மேல் நடப்பது தண்டனை. மழைக்காலத்திலும் போகலாம். செம்மண் மேட்டில் புல் முளைத்து அகழியெல்லாம் பச்சையாக இருக்கும். சறுக்காத செருப்பு இருந்தால் சரி.

ஸ்கூல்ல படிச்ச ஹிஸ்டரி எல்லாம் மறந்துபோச்சு. குறைஞ்சபட்சம் என்ன தெரிஞ்சிருக்கணும்?

மூன்று பெயர் போதும். முதலாவது அகமது ஷா. 1422 முதல் 1436 வரை ஆண்ட பாமினி சுல்தான். கலபுரகியில் இருந்த தலைநகரைப் பீதருக்கு மாற்றியவர் இவர்தான். கோட்டையும் ஊரும் இந்த வடிவத்துக்கு வந்தது அவர் காலத்தில்.

இரண்டாவது மகமூது கவான். காஸ்பியன் கடலோரத்து கீலானிலிருந்து வந்து பாமினி அரசின் முதலமைச்சர் ஆனவர். பழைய ஊரில் இருக்கும் மதரஸா என்ற கல்லூரியைக் கட்டியவர். உள்ளூர்ப் பிரபுக்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்த பிரபுக்களுக்கும் இடையே ஓயாத பகை. எதிரிகள் அவர் முத்திரையைக் கைப்பற்றி, அவர் எழுதியதுபோல ஒரு துரோகக் கடிதத்தை உருவாக்கினார்கள். சுல்தான் மூன்றாம் முகமது ஷா விசாரிக்காமல் 1481-இல் அவர் தலையை வெட்டச் சொன்னார். மறுவருஷமே சுல்தானும் போய்ச் சேர்ந்தார். பிறகு ராஜ்யம் பீஜப்பூர், கோல்கொண்டா, அகமதுநகர் என்று ஐந்தாக உடைந்தது.

மூன்றாவது பரீத் ஷாஹிகள். உடைந்த ராஜ்யத்தில் பீதரை வைத்துக்கொண்டவர்கள். 1619-இல் பீஜப்பூர் இவர்களை விழுங்கியது. 1657-இல் இளவரசர் ஔரங்கசீப் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தார்; பின்னால் நிஜாம். இதற்கு மேல் தெரிந்துகொண்டால் லாபம், தெரியாவிட்டால் நஷ்டமில்லை.

கோட்டையில எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? பெருசா இருக்குமா?

பெரிது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்றால் எட்டு மணிக்கே உள்ளே இருங்கள். நுழையும்போது அவசரப்படாமல் அகழியைக் குனிந்து பாருங்கள். மண்ணைத் தோண்டிய பள்ளம் இல்லை அது. செம்பாறையை நேரடியாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். அகழிகளுக்கு நடுவில் வெட்டாமல் விட்ட பாறை சுவராக நிற்கிறது. இப்படிச் சில இடங்களில் மூன்று அகழி அடுக்காக வரும். வெட்டி எடுத்த கல்லே மதிலுக்குப் போயிருக்கிறது.

வாசல்களில் ஷர்ஸா தர்வாஸா என்பதன் முகப்பில் இரண்டு புலிகள் செதுக்கியிருக்கும். அதைத் தாண்டி கும்பத் தர்வாஸா. உள்ளே ரங்கீன் மஹால், தர்கஷ் மஹால், ககன் மஹால், திவானே ஆம், தக்த் மஹால் என்று வரிசையாக வரும். பழைய அரண்மனைக் குளியல் கூடம் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அதன் பக்கத்தில் சோலா கம்பா மசூதி. பீதரில் இருப்பதிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. தடித்த வட்டத் தூண்கள் வரிசை வரிசையாகப் போகும் அந்தக் கூடத்தில், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளுமைதான். ஔரங்கசீப் கோட்டையைப் பிடித்ததும் வெற்றித் தொழுகை நடத்தியது இங்கேதான். பாதிப் பேர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் மேற்கே நடந்தால் தக்த் மஹால், அப்புறம் பீரங்கி வைத்த கொத்தளங்கள். அங்கிருந்து கீழே சமவெளி முழுக்கத் தெரியும். சண்டைக்கு ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

ரங்கீன் மஹால் பூட்டியிருந்துச்சு, ஏமாந்து வந்துட்டோம். எப்பவாவது திறப்பாங்களா?

கேட்டால் திறப்பார்கள். சும்மா வருகிறவர்களுக்குத் திறந்து வைப்பதில்லை, அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் இருக்கும் தொல்லியல் துறை ஊழியரிடம் போய், பெங்களூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறோம் என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சாவியோடு ஒருவர் கூட வருவார். ஞாயிறு மதியம் கூட்டத்துக்கு நடுவில் கேட்காதீர்கள், காலையில் கேளுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது இரண்டு. முன்கூடத்து மரத்தூண்களின் செதுக்கு வேலை ஒன்று. மற்றொன்று உள் அறை வாசல்: கன்னங்கரேலென்ற கல்லில் மெல்லிய கோடாகப் பள்ளம் எடுத்து, முத்துச்சிப்பியை வெட்டிப் பதித்துக் கொடியும் பாரசீக எழுத்தும் வரைந்திருக்கிறார்கள். கதவு வழியாக வரும் வெளிச்சத்தில் தலையைக் கொஞ்சம் அசைத்தால் சிப்பி ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் மாறும். போட்டோவில் வரவே வராது. பரீத் ஷாஹி காலத்து வேலை இது. பின்னால் பித்ரி பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதரஸா பாதி இடிஞ்சு கிடக்காமே? அதுக்காகப் போகணுமா?

பாதி இடிந்ததுதான், ஆனாலும் போகணும். 1472-இல் மகமூது கவான் கட்டிய மூன்று மாடிக் கல்லூரி. உறைவிடம், வகுப்பறை, மசூதி, மூவாயிரம் சுவடிகள் கொண்ட நூலகம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். ஔரங்கசீப் காலத்தில் படைவீரர்களைத் தங்கவைத்து, வெடிமருந்தையும் உள்ளேயே வைத்தார்கள். 1696-இல் அது வெடித்து முன்பக்கத்தில் ஒரு பாதியும் ஒரு மினாரும் போயின. மின்னல் விழுந்துதான் வெடித்தது என்பது ஊர்ப்பேச்சு.

மீதி நிற்கும் மினாரின் உயரம் சுமார் 40 மீட்டர். அதன் உடம்பில் ஓடுகள் கோணல் கோணலான பட்டைகளாக ஒட்டியிருக்கின்றன. பாதி உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிவதால், ஓடு எப்படிப் பதித்தார்கள் என்பதும் தெரிகிறது. முழுசாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. காலை வெயில் முகப்பில் படும்போது போங்கள், மாலையில் எல்லாம் நிழலாகிவிடும்.

ஊருக்குள்ள நடந்து சுத்தலாமா? பொண்ணுங்க மட்டும் போனா பிரச்சினை வருமா?

நடந்துதான் சுற்ற வேண்டும். சௌபாரா என்கிற உருண்டைக் காவல் கோபுரம் ஊரின் நடுவில் நிற்கிறது. நான்கு தெருக்கள் அங்கே கூடும். அதிலிருந்து வடக்கே நேராக நடந்தால் மதரஸா, அதே தெருவில் மேலும் போனால் கோட்டை. வழி தவறவே முடியாது. தவறினாலும் நல்லதுதான்; குறுக்குச் சந்துகளில்தான் பழைய மர வாசல்களும் சின்னச் சின்ன சூஃபி மடங்களும் இருக்கின்றன. ஊரைப் பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிலம்பமும் குஸ்தியும் பழகும் கூடம் வைத்திருந்தார்கள். தாலீம் என்று பெயர். சித்திக் ஷா தாலீம், நூர்கான் தாலீம் என்று இடத்தின் பெயராக இன்றைக்கும் வழங்குகிறது.

பெண்கள் தனியாகவோ சேர்ந்தோ பகலில் நடப்பதில் சிரமமில்லை. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் எப்படி நடப்பீர்களோ அப்படியே. இருட்டியபின் கோட்டைப் பக்கமும் அஷ்டூர் சாலையும் ஆளில்லாமல் இருக்கும், அந்த நேரத்தில் அங்கே வேண்டாம். வீட்டு வாசலில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அஷ்டூர்ல வெறும் சமாதிதானே? நேரம் இல்லேன்னா விட்டுடலாமா?

நேரம் இல்லாவிட்டால் கோட்டையை விடுங்கள், அஷ்டூரை விடாதீர்கள். இது என் கட்சி. கோட்டை நாட்டில் நிறைய உண்டு. ஊருக்குக் கிழக்கே சில கி.மீ. தூரத்தில், வயல் நடுவே பாமினி சுல்தான்களின் கும்மட்டங்கள் வரிசையாக நிற்பது மாதிரிக் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆட்டோ பேசும்போது போக வர, காத்திருக்க என்று சேர்த்துப் பேசிவிடுங்கள். அங்கே திரும்பி வர வண்டி கிடைக்காது.

முதலில் போக வேண்டியது அகமது ஷாவின் சமாதி. வெளியே மொட்டையாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது, கண் பழக வேண்டும். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் சிவப்பு, நீலம், தங்க நிறம் எல்லாம் மெதுவாக வரும். குவிமாடத்தின் உட்புறம் முழுக்கப் பூவேலையும் பாரசீக எழுத்தும். அறுநூறு வருஷத்துச் சாயம். அங்கே இருப்பவர் வாசலில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, வெயிலை உள்ளே திருப்பிச் சுவரில் ஓடவிட்டுக் காட்டுவது வழக்கம். அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். மொபைல் டார்ச் அடித்தால் அந்த நிறம் செத்துப்போகும்.

பக்கத்தில் ஹுமாயூன் என்ற சுல்தானின் சமாதி நெட்டுக்குத்தாகப் பிளந்து நிற்கிறது. முகலாய ஹுமாயூன் வேறு. இவர் 1458 முதல் 1461 வரை ஆண்டு, கொடுமையால் "ஜாலிம்" என்று பட்டம் வாங்கியவர். இடி விழுந்து பிளந்தது. அவர் செய்த பாவம் என்று ஊர் சொல்கிறது. கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய பாடம்: குவிமாடத்தின் குறுக்குவெட்டு அப்படியே தெரியும். வரும் வழியில் சாலையோர மேட்டில் சௌகண்டி என்கிற எட்டுமுகக் கட்டடம் இருக்கிறது. ஈரானிலிருந்து வந்த சூஃபி குடும்பத்துக் கலீலுல்லாவின் சமாதி. அதன் வாசல் கல்லில் உள்ள எழுத்து வேலைக்காகவாவது இறங்கி ஏறுங்கள்.

எங்க மாமியார் "சமாதியைப் பார்க்க அவ்வளவு தூரமா, தலைமுழுகணும்"ங்கிறாங்க. கோயில் ஏதாவது இருக்கா?

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். மேலே சொன்ன அகமது ஷாவை அந்தப் பக்கத்து லிங்காயத்துகள் தங்கள் ஞானி அல்லம பிரபுவின் வடிவமாகக் கும்பிடுகிறார்கள். ஹோலியை ஒட்டி இந்துப் பஞ்சாங்கப்படி நடக்கும் அவருடைய உருஸுக்கு (நினைவு விழாவுக்கு)க் கலபுரகிப் பக்கத்து மாதியாள் கிராமத்திலிருந்து ஜங்கமர் எனப்படும் லிங்காயத்து குரு ஒருவர் வந்துதான் முதல் பூஜை செய்கிறார். தேங்காய் உடைப்பதும் ஃபாத்திஹா ஓதுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கும்.

கோயில்தான் வேண்டும் என்றால் ஊருக்குள் பாபநாச சிவன் கோயில் இருக்கிறது. ராமர் வழிபட்டதாக ஐதீகம். குருத்வாரா நானக் ஜீரா சாஹிப்பையும் அவர்களுக்குப் பிடிக்கும். குருநானக் இங்கே வந்தபோது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை என்று மக்கள் முறையிட, பாறையை விலக்கி ஊற்றைத் திறந்தார் என்பது நம்பிக்கை. அந்த ஊற்று இன்றைக்கும் ஓடுகிறது. சீக்கியர்களின் கால்சாவில் முதலில் சேர்ந்த பஞ்ச பியாரே ஐவரில் ஒருவரான பாய் சாஹிப் சிங் பீதர்க்காரர். தலையில் துணி போட்டுக்கொண்டு போங்கள், வாசலிலேயே கொடுப்பார்கள்.

ஜரணி நரசிம்மர் கோயில்ல இடுப்பளவு தண்ணில நடக்கணுமாமே? வயசானவங்க போகலாமா?

இடுப்பு என்பது குறைத்துச் சொன்னது. பல நாள் மார்பு வரை வரும். குகைக்குள் சுமார் 300 மீட்டர் தண்ணீரில் நடந்து போய், கடைசியில் சுவரில் இருக்கும் நரசிம்மரைத் தரிசிக்க வேண்டும். தலைக்கு மேல் வௌவால். திருவிழா, விடுமுறை நாட்களில் உள்ளே கூட்டம் நெரிந்து மூச்சு முட்டும். மூச்சிரைப்பு, இதய நோய், இடுங்கிய இடம் பயம் உள்ளவர்கள் வெளியிலிருந்தே கும்பிட்டால் போதும். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. சில சமயம் பாதுகாப்புக்காக மூடியும் வைப்பார்கள். மாற்று உடை, உடம்பு துடைக்கத் துண்டு, மொபைலுக்கு ஒரு உறை அவசியம்.

பித்ரி சாமான் எங்க வாங்கறது? பெங்களூர்லயே எம்போரியத்துல கிடைக்குதே?

கிடைக்கும். ஆனால் செய்வதைப் பார்த்துவிட்டு வாங்குவது வேறு. சௌபாராவுக்கும் மதரஸாவுக்கும் இடையே சித்திக் ஷா தாலீம் பக்கத்துக் கடைகளில் முன்னால் விற்பனை, பின்னால் பட்டறை. கேட்டால் உள்ளே விடுவார்கள். துத்தநாகம் பதினாறு பங்குக்குச் செம்பு ஒரு பங்கு என்று உருக்கி, மண் அச்சில் வார்ப்பார்கள். வந்த பாத்திரத்தை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மயில்துத்தம் தடவித் தற்காலிகமாகக் கறுப்பாக்குவார்கள்; அப்போதுதான் உளி போட்ட கோடு கண்ணுக்குத் தெரியும். கையாலேயே கொடியும் பூவும் வரைந்து, உளியால் பள்ளமெடுத்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியைச் சுத்தியால் தட்டி இறக்குவார்கள். ஒரு சின்னக் கிண்ணத்துக்கே இந்த வேலை பல நாள் பிடிக்கும். ரங்கீன் மஹாலில் சிப்பி பதித்ததைப் பார்த்த கண்ணுக்கு, கறுப்பில் வெளிச்சத்தைப் பதிக்கும் இந்த ஊர்ப் பழக்கம் உடனே பிடிபடும்.

2006-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவினைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் ஊரில் இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் கவனம் வந்திருக்கிறது. பேரம் பேசலாம், ஆனால் பாதிக்குப் பாதி கேட்காதீர்கள். விலையில் பெரும்பங்கு வெள்ளியும் கூலியும்தான்.

ஒரிஜினல்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வீட்டுல எப்படிப் பராமரிக்கணும்?

கையில் எடுத்ததும் கனம் தெரிய வேண்டும். நகத்தால் வெள்ளிக் கோட்டின் குறுக்கே வருடுங்கள். பதித்த கம்பி தளத்தோடு சமமாக இருக்கும், தட்டுப்படாது. மேலே ஒட்டிய தகடோ பூசிய சாயமோ நகத்தில் மாட்டும். கறுப்பு ஒரே சீராக, மங்கலாக இருக்க வேண்டும். கார் பெயின்ட் போலப் பளபளத்தால் வைத்துவிடுங்கள்.

புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. பூஜைப் பாத்திரத்தோடு சேர்த்துப் புளிபோட்டுத் தேய்த்து, கறுப்பெல்லாம் போய் அழுத பெண்மணி ஒருவரை எனக்குத் தெரியும். மென்மையான துணியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். கீழே போட்டால் உடையும். சாப்பிடும் பொருள் வைக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

கோட்டை மண்ணாலதான் அந்தக் கறுப்பு வருதாமே? கொஞ்சம் அள்ளிட்டு வரலாமா?

கோட்டையின் பழைய இருண்ட இடங்களில், மழையும் வெயிலும் படாத மண்ணைத்தான் கைவினைஞர்கள் எடுக்கிறார்கள். நாக்கில் வைத்து ருசி பார்த்தே நல்ல மண்ணைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அந்த மண்ணோடு நவச்சாரமும் தண்ணீரும் கலந்த கூழைச் சூடான பாத்திரத்தில் தேய்த்தால் துத்தநாகம் நிரந்தரமாகக் கறுக்கும், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கடைசி நிமிஷத்தைப் பட்டறையில் நேரில் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்: சாம்பல் நிறத்தில் அசடாக இருந்த பொருள், கழுவி எடுத்ததும் வெள்ளி மட்டும் மின்ன எழுந்து வரும்.

நீங்கள் அள்ளிக்கொண்டு வந்து என்ன செய்யப்போகிறீர்கள்? பாதுகாக்கப்பட்ட கோட்டை அது, மண்ணைத் தொடாதீர்கள்.

நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கவலையே வேண்டாம். ஜோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், பருப்புக் கீரை, கடலைப்பொடி போடும் கானாவளிகள் (சாப்பாட்டுக் கடைகள்) இருக்கின்றன. ரொட்டி சூடாக வர வரப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். குருத்வாராவில் லங்கர் என்கிற பொதுச் சாப்பாடு எல்லாருக்கும் இலவசம், முழுச் சைவம். இட்லி தோசை பேருந்து நிலையம் பக்கம் கிடைக்கும். சாம்பாரில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பழைய ஊரில் பிரியாணி, காலையில் நஹாரி. ரம்ஜான் மாதமென்றால் மாலையில் ஹலீம்.

எனக்கு ஹிந்தி வராது. கன்னடம் ஓரளவு. சமாளிக்க முடியுமா?

பெங்களூர்க் கன்னடம் தாராளமாகப் போதும். பழைய ஊருக்குள் தக்கினி உருதுதான் பேச்சு. சிவாஜிநகர் கடைகளில் காதில் விழும் அதே மொழி, அதே இழுப்பு. வயதானவர்களில் கன்னடம், உருது, மராத்தி, தெலுங்கு நான்கும் பேசுகிறவர்கள் சாதாரணம். தமிழ் மட்டும் இல்லை.

கரேஸ்னு பூமிக்கடியில ஏதோ வாய்க்கால் இருக்காமே?

நௌபாத் பக்கத்தில் இருக்கிறது. சுரங்க பாவி என்று ஊரில் சொல்வார்கள். ஈரானில் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் முறை: நிலத்தடி ஊற்றைக் கண்டுபிடித்து, பூமிக்கடியில் லேசான சரிவோடு சுரங்கம் வெட்டி, நடுநடுவே காற்றுக்கும் தூர் எடுக்கவும் கிணறுகள் இறக்குவார்கள். பம்பு இல்லாமல் தண்ணீர் தானாக ஓடிவரும். செம்பாறை நீரை உறிஞ்சி வைத்துக் கசியவிடும் என்பதால் பீதரில் இது நன்றாகவே வேலை செய்தது. வெளியே நின்று பார்த்தால் வயலில் வரிசையாகக் கிணறுகள் மட்டும்தான் தெரியும். மேலே படித்துவிட்டுப் போனால்தான் ரசிக்க முடியும். துணையில்லாமல் உள்ளே இறங்க வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கும் பீதருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, அவ்வளவு இனிமையான சம்பந்தம் இல்லை. மகமூது கவானைக் கொன்ற அதே மூன்றாம் முகமது ஷா, அதே 1481-இல் கிழக்குக் கரையில் படையோடு இருந்தவர், குதிரைப்படையைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வரை வந்து கோயில்களைக் கொள்ளையடித்துப் போனார். பாமினிப் படை தமிழகத்துக்குள் அவ்வளவு தூரம் வந்தது அப்போதுதான். அந்தப் படையெடுப்பை ஒட்டித்தான் பொய்க் கடிதம் அவர் கைக்குப் போனது.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு, அதற்கு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பசவகல்யாணையும் இதோட சேர்த்துக்கலாமா?

பீதரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அல்லம பிரபுவும் அக்க மகாதேவியும் கூடிப் பேசிய அனுபவ மண்டபம் என்ற சபையின் ஊர். அதற்கும் முன்னால் இதுதான் கல்யாணிச் சாளுக்கியரின் தலைநகர் கல்யாணபுரம். 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலாம் ராஜாதிராஜ சோழன் இந்த ஊரை அடித்து நொறுக்கி, இங்கிருந்த துவாரபாலகர் சிலையைத் தூக்கிக்கொண்டு போனான். அது தாராசுரத்தில் இருந்து, இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. பீடத்தில் "உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்" என்று தமிழில் வெட்டியிருக்கிறார்கள்; விஜயராஜேந்திரன் என்பது ராஜாதிராஜனின் பட்டப்பெயர். தஞ்சாவூரில் அதைப் பார்த்தவர்கள் கல்யாணைப் பார்க்காமல் விடக்கூடாது என்பேன்.

நேரம் இருந்தால் வழியில் ஹும்னாபாத் பக்கம் ஜலசங்வி கோயிலில் இறங்குங்கள். சாளுக்கியர் காலத்துப் பெண் சிற்பங்கள் சுவரெல்லாம் நிற்கும். காவலாளியைத் தவிர அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாருமே போறதில்ல?

தூரம் ஒரு காரணம். பெங்களூருக்குக் கடைசி ஊர், ஹைதராபாத்துக்கு அடுத்த மாநிலம். இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடவில்லை. ரயில் வசதியே அண்மையில்தான் சீரானது. ஆனால் ஒரு காலத்தில் நிலைமை வேறு. வாஸ்கோடகாமா வருவதற்குச் சுமார் 30 வருஷம் முன்பே, ரஷ்யாவின் த்வேர் நகரத்திலிருந்து அஃபனாசி நிகிதின் என்ற வணிகர் ஒரு குதிரையை விற்பதற்காகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, பீதரில் மாதக்கணக்கில் தங்கி எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் வெள்ளிப் பல்லக்கில் போகிறார்கள், நாட்டுப்புறத்து ஜனங்கள் பரம ஏழைகள் என்பது அவர் கண்டது.

2014-இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கவனிப்புப் பட்டியலில் பீதர் பழைய நகரம் இடம்பெற்றது. அதே வருஷம் தக்காண சுல்தானியக் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் ஏறியது. பட்டியலில் ஏறியதால் தெருவில் ஒன்றும் மாறிவிடவில்லை. மதிலை ஒட்டிக் கட்டிய கடை, சமாதிச் சுவரில் காதலர் பெயர், அகழியில் குப்பை எல்லாம் பார்ப்பீர்கள். அதற்காகப் போகாமல் இருப்பதில் அர்த்தமில்லை. ஆள் வரத்து இருந்தால்தான் சாவிக்காரருக்கும் வேலை.

தங்க நல்ல ஓட்டல் இருக்கா? சாயங்காலம் என்ன பண்றது?

ஆடம்பரம் கிடையாது. பேருந்து நிலையம் பக்கம் சுத்தமான நடுத்தர ஓட்டல்கள் கிடைக்கும். சாயங்காலத்துக்கு உத்கீர் சாலையில் பரீத் ஷாஹி சமாதிப் பூங்கா. அலி பரீதின் சமாதி நாலு பக்கமும் சுவரில்லாமல் வளைவுகளாகத் திறந்திருக்கும், காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். ஊர்க் குழந்தைகள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடும்.

ட்ரோன் பறக்கவிடலாமா? ரீல்ஸுக்கு நல்லா இருக்குமே.

கூடாது. பீதரில் விமானப்படைப் பயிற்சித் தளம் இருக்கிறது. தொல்லியல் துறை இடங்களிலும் அனுமதியில்லாமல் முடியாது. ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஹைதராபாத் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்கோம். ஒரே ஒரு பகல்தான். போயிட்டு வரலாமா?

இரண்டு நாள் வேண்டும் என்று மேலே சொன்னது அப்படியே நிற்கிறது. ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு விடுவதும் கஷ்டம்தான். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஜஹீராபாத்தில் டீ, டிபன். முதலில் அஷ்டூர், வழியில் சௌகண்டி. பதினொன்றுக்குள் மதரஸா. சௌபாரா தெருவில் நடந்து பித்ரி பட்டறை ஒன்றில் உட்காருங்கள், பிறகு சாப்பாடு. மூன்று மணிக்குக் கோட்டைக்குள் போய் ரங்கீன் மஹால், சோலா கம்பா இரண்டை மட்டும் பாருங்கள். சாவிக்குக் கேட்க மறக்க வேண்டாம். ஐந்து மணிக்குக் காரை எடுத்தால் பட்டன்செரு பக்கம் டிராஃபிக்கில் மாட்டினாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். நரசிம்மர் குகை, கரேஸ், பசவகல்யாண் எல்லாம் அடுத்த முறைக்கு.